ஒன்றாக வளர்ந்த இரண்டு முயல்கள் கடித்துக்கொள்கின்றன: பிரிப்பதா, விட்டுவிடுவதா?

திருச்சி_மாடிவீடு
ஆகஸ்ட் 11, இரவு 9.40

வணக்கம். என் வீட்டில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. வெள்ளை நிறத்தில் நிலா, சாம்பல் நிறத்தில் மணி. மார்ச் மாதம் வாங்கியபோது இரண்டும் ஒன்றரை மாதக் குட்டிகள். ஒரே ஈற்றில் பிறந்தவை, இரண்டும் பெண் என்று விற்றவர் சொன்னார். இத்தனை நாளும் ஒரே கூண்டு, ஒரே தட்டு. மத்தியான வேளையில் ஒன்றின் முதுகில் மற்றொன்று தலையைச் சாய்த்துக்கொண்டுதான் தூங்கும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எல்லாம் மாறிவிட்டது. மணி அடிக்கடி நிலாவின் மேல் ஏறுகிறது. நிலா நழுவினால் விரட்டிப் போய் முதுகு முடியைப் பிடுங்குகிறது. நேற்றுக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் முடி பறக்கிறது. இரண்டும் ஒன்றின் பின்பக்கத்தை மற்றொன்று கவ்வப் பார்த்தபடி சக்கரமாகச் சுழன்றன. எது எந்த முயல் என்றே தெரியவில்லை. பதறிப்போய்க் கையை நடுவில் விட்டேன், ஆள்காட்டி விரலில் பல் இறங்கிவிட்டது. பிரித்த பிறகு பார்த்தால் மணியின் இடது காது ஓரத்தில் கிழிசல். விரட்டுவதும் மணிதான், அடிபட்டதும் மணிதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கூண்டு மூன்றடிக்கு இரண்டடி, பால்கனியில் இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் கூடத்தில் திறந்துவிடுவோம். இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் கணவர். ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அத்தை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எங்கே தவறு செய்தேன்?


அண்ணாநகர்_முயல்வீடு
ஆகஸ்ட் 11, இரவு 10.05

சகோதரி, மற்றதை எல்லாம் நாளை பேசிக்கொள்ளலாம். இன்று இரவு இரண்டும் ஒரே கூண்டில் படுக்கக்கூடாது. வேறு கூண்டு இல்லையென்றால் ஒன்றைக் குளியலறையில் பழைய போர்வை விரித்து விடுங்கள். தண்ணீரும் புல்லும் வையுங்கள். சக்கரமாகச் சுழல்வது விளையாட்டு அல்ல. ஒரு முயலின் வயிற்றுத் தோல் கிழிந்து தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சண்டை முழுவதும் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

கூண்டுகளை அருகருகே வைத்தால் கம்பியோடு கம்பி ஒட்ட விடாதீர்கள். நான்கு விரல் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கம்பி வழியாகவே மூக்கையும் கால்விரலையும் கடித்துவிடும். கண்ணில் படாமல் வேறு அறைக்கும் கொண்டுபோக வேண்டாம். ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குக் கிடைத்துக்கொண்டே இருப்பது நல்லது, பிறகு சேர்க்கும்போது அது உதவும்.

பிரித்ததும் இரண்டையும் மடியில் வைத்து முடியை விலக்கி விலக்கிப் பாருங்கள். கழுத்து, முதுகு, வயிறு, வாலுக்கு அடியில். கண்ணுக்குத் தெரியும் காதுக் கிழிசலைவிட முடிக்குள் மறைந்திருக்கும் சிறு துளைதான் ஆபத்து.


மதுரை_வைகைக்கரை
ஆகஸ்ட் 11, இரவு 10.50

உடனே பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. முயல் கூட்டமாக வாழும் விலங்கு. கூட்டத்தில் யார் பெரியவர் என்று ஒரு கட்டத்தில் முடிவாகியே தீர வேண்டும். என்னிடம் இருந்த இரண்டும் நான்கு நாள் சண்டை போட்டன, பிறகு அடங்கிவிட்டன. நடுவில் புகுந்து பிரித்திருந்தால் அந்த வழக்கு தீராமலே இழுத்திருக்கும். உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.


பழனி_அடிவாரம்
ஆகஸ்ட் 12, காலை 5.30

அம்மா, நான் பதினான்கு வருடமாக முயல் பண்ணை வைத்திருக்கிறேன். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் என்ற இனங்கள்தான் அதிகம். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வாங்கிய முயல்களை வைத்துத் தொடங்கினேன். பண்ணையில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான்: மூன்று மாதம் தாண்டினால் ஆண் முயல்களை ஒன்றாக விடக்கூடாது. நேற்றுவரை ஒட்டிப் படுத்திருந்த குட்டிகள் விதை இறங்கியதும் ஒன்றையொன்று கடித்து விதைப்பையையே கிழித்துவிடும்.

ஆகவே உங்களுடையவை உண்மையிலேயே பெண்தானா என்று பாருங்கள். ஒன்றரை மாதக் குட்டியில் விற்பவர் சொல்வதை நம்ப முடியாது, அனுபவம் உள்ளவர்களே தவறுவார்கள். இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டதால் எளிது. ஒருவர் மடியில் மல்லாத்திப் பிடிக்க வேண்டும். தலையைச் சற்று உயர்த்தியே வையுங்கள், முதுகை ஒரு கை தாங்க வேண்டும், பயந்து உதைத்தால் முதுகெலும்பு போய்விடும். வாலுக்கு மேலே இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால், பெண்ணுக்கு நெல்மணி போல நீண்ட பிளவு தெரியும். ஆணுக்கு வட்டமான துளை, குழாய் போல எழும். விதை தெரியவில்லை என்பதால் பெண் என்று முடிவு செய்யாதீர்கள், ஆண் முயல் பயந்தால் விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இன்னொரு செய்தி. இணை சேர்க்கும்போது நாங்கள் எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவோம். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் கடித்துத் துரத்திவிடும். பெண் முயலுக்குத் தன் இடம் என்ற எண்ணம் அவ்வளவு பலமாக இருக்கும். பெண்கள் சாது, சண்டை போடாது என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.


ஓய்வு_கால்நடை_மருத்துவர்
ஆகஸ்ட் 12, காலை 8.15

மதுரை நண்பருக்கு ஒரு வார்த்தை. காட்டில் முயல்கள் சண்டை போட்டு முடிவு செய்துகொள்வது உண்மைதான். ஆனால் அங்கே தோற்ற முயல் ஓடிவிடுகிறது, ஓடியதும் சண்டை முடிந்துவிடுகிறது. மூன்றடிக் கூண்டில் அது எங்கே ஓடும்? தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகும் எதிரியின் கண் முன்னாலேயே இருக்கிறது. வென்ற முயலுக்கோ எதிரி இன்னும் போகவில்லை என்றுதான் படுகிறது. அதனால்தான் வீட்டு முயல்களின் சண்டை காட்டுச் சண்டையைவிடக் கொடூரமாக முடிகிறது.

காயத்தைப் பற்றிச் சொல்கிறேன். முயலின் வெட்டுப்பல் உளி மாதிரி. வெளியே கடுகளவு துளை, உள்ளே ஆழம். மேல்தோல் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். நாய், பூனையின் சீழ் நீராக வடிந்துவிடும். முயலின் சீழ் அப்படி அல்ல, கட்டித் தயிர் போல இறுகி ஓர் உறைக்குள் அடைந்துவிடும். கீறிவிட்டால் வடியாது, உறையோடு எடுக்க வேண்டியிருக்கும். காயத்தை உப்புநீரால் கழுவுங்கள். மஞ்சளை அப்ப வேண்டாம், முடியோடு ஒட்டிக் காயத்தை மூடிவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரம் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். நெல்லிக்காய் போல ஏதாவது உருண்டால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். லின்கோமைசின், கிளின்டாமைசினும் அப்படியே. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, சில நாளில் கழிச்சல் கண்டு இறந்துவிடும். கடியால் சாகாத முயல் மருந்தால் செத்ததைப் பணியில் இருந்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன். உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு விஷம்.

சண்டைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் காயம் சிறியதாக இருந்தாலும் அவசரம்தான். பயத்தில் குடல் நின்றுவிடும். உங்கள் விரலையும் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.


திருச்சி_மாடிவீடு
ஆகஸ்ட் 13, மாலை 6.20

எல்லாருக்கும் நன்றி. அன்று இரவே பிரித்துவிட்டேன். மணி குளியலறையில், நிலா பழைய கூண்டில். நிலாவின் முதுகில் இரண்டு சிறிய துளைகள் இருந்தன, கழுவினேன். இரண்டும் தின்கின்றன, புழுக்கையும் சரியாக இருக்கிறது.

பழனி ஐயா சொன்னபடி பார்த்தோம். கணவர் பிடித்துக்கொண்டார், நான் விளக்கு வைத்துப் பார்த்தேன். இரண்டும் பெண்தான், நெல்மணிப் பிளவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் இன்று காலை இன்னொன்று நடந்தது. நிலா கொள்ளாத அளவுக்கு வாயில் காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் மீசை போல நீட்டிக்கொண்டிருக்க, கூண்டுக்குள் இங்கும் அங்கும் போனது. பிறகு மூலையில் கொட்டியது. கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்து தன் கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையிலிருந்து தானே முடியைப் பிடுங்கியது. கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் புல்லின் மேல் வைத்தது. அதைப் பார்த்ததும்தான் தோன்றியது. அன்று கூண்டில் கிடந்த முடியில் பெரும்பகுதி வெள்ளை, அதுவும் ஒரே மூலையில்தான் குவிந்திருந்தது. மணி பிடுங்கியது என்றே நினைத்துவிட்டேன். தட்டை எடுக்கக் கையை நீட்டினால் உறுமிக்கொண்டு முன்காலால் அடிக்கிறது. நிலா ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. இது சினையா? ஆண் முயலே இல்லாமல் எப்படி?


பழனி_அடிவாரம்
ஆகஸ்ட் 13, மாலை 6.45

பொய்ச்சினை அம்மா. சந்தேகமே இல்லை. மணி மேலே ஏறியது எந்த நாளில் தொடங்கியது என்று எண்ணிப் பாருங்கள், பதினாறு பதினேழு நாள் கணக்கு வரும்.


ஓய்வு_கால்நடை_மருத்துவர்
ஆகஸ்ட் 13, இரவு 8.30

நண்பர் சொன்னது சரி. பெண் முயலுக்கு வேறு பல விலங்குகளைப் போலக் குறிப்பிட்ட நாள் கணக்கில் கருமுட்டை வெளிவருவதில்லை. இணை சேரும்போது ஏற்படும் தூண்டுதலால்தான் வெளிவரும். இன்னொரு பெண் முயல் மேலே ஏறினாலும் உடம்பு அதை இணைசேர்தல் என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு பதினாறு முதல் பதினெட்டு நாள் வரை உடம்பு சினை என்றே நம்பும். முடிவில் கூடு கட்டும், முடி பிடுங்கும், கூட்டை யாரும் நெருங்க விடாது. உண்மைச் சினை என்றால் முப்பது முதல் முப்பத்திரண்டு நாள் ஆகும். ஐயம் தீர ஒருமுறை மருத்துவரிடம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் முதல் பதிவில் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, இப்போது கோவையாகப் பாருங்கள். மணிக்குப் பருவம் வந்தது, நிலாவின் மேல் ஏறியது. நிலாவுக்குப் பொய்ச்சினை. பிறக்காத குட்டிகளுக்கு ஒரு மூலையைக் காவல் காத்தது. அந்த மூலைக்கு மணி வந்தபோது காதைக் கிழித்தது. இதில் கெட்ட முயல் என்று ஒன்று இல்லை. நீங்கள் தவறாக எதையும் ஊட்டிவிடவும் இல்லை. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் வரும் பருவம் அது.

அந்தக் கூட்டை இப்போது கலைக்காதீர்கள். கலைத்தால் மறுபடியும் முடி பிடுங்கிக் கட்டும். சில நாளில் தானே கைவிட்டுவிடும்.


கோவை_புதியவள்
ஆகஸ்ட் 14, காலை 10.10

நானும் இரண்டு பெண் குட்டிகள் வைத்திருக்கிறேன், மூன்று மாதம் ஆகிறது. இதைப் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா? கருத்தடை அறுவை என்கிறார்கள். இவ்வளவு சிறிய உயிருக்கு வயிற்றைக் கிழிப்பது பாவம் இல்லையா?


அண்ணாநகர்_முயல்வீடு
ஆகஸ்ட் 14, பகல் 1.30

பாவம் என்று நானும் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன் தங்கையே. அந்த ஒரு வருடத்தில் என் பெண் முயல் ஐந்து முறை பொய்ச்சினை கண்டு, நெஞ்சு முடியெல்லாம் பிடுங்கி வெறும் தோலாகக் கிடந்தது. எது பாவம் என்று அப்போதுதான் யோசித்தேன். அறுவைக்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது.


ஓய்வு_கால்நடை_மருத்துவர்
ஆகஸ்ட் 14, மாலை 4.00

சண்டைக்காக மட்டும் சொல்லவில்லை. கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு நான்கு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்று மிக அதிகமாக வருகிறது. எட்டு, பத்து வருடம் வாழக்கூடிய உயிர் அது.

ஆனால் அறுவையை யார் செய்கிறார் என்பது முக்கியம். நாய், பூனையில் கைதேர்ந்தவராக இருந்தாலும் முயலின் மயக்க மருந்து வேறு கலை. இதுவரை எத்தனை பெண் முயல்களுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முந்தைய இரவிலிருந்து பட்டினி போடுங்கள் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். திருச்சிக்காரர்களுக்கு ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரிக்கலாம். பொய்ச்சினை முடிந்து பால் சுரப்பி வற்றிய பிறகு செய்வது நல்லது.

ஆண் முயல் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். அறுவை முடிந்த மறுநாளே பெண்ணோடு விட்டுவிடாதீர்கள், சில வாரங்களுக்கு விந்து இருக்கும்.


பழனி_அடிவாரம்
ஆகஸ்ட் 14, இரவு 7.20

பண்ணையில் நாங்கள் அறுவை செய்வதில்லை, தனித்தனிக் கூண்டுதான். ஆனால் எங்கள் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. மருத்துவர் ஐயா சொல்வதைக் கேளுங்கள்.

அத்தை ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்கிறார் அல்லவா? முயல் வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்தால் அங்கேயும் இதே சண்டை நடக்கும். தோட்டத்திலோ காட்டோரத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். முயல்தானே, காட்டில் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கள் ஊர்ப் பக்கம் கொண்டுவந்து விடுகிறார்கள். நம் காட்டு முயல் வேறு இனம். தனியாகத் திரியும், வளை தோண்டாது, அதன் குட்டி கண் திறந்து முடியோடுதான் பிறக்கும். கூண்டு முயலின் முன்னோர்கள் ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. இரண்டுக்கும் தமிழில் முயல் என்று ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. விட்டுப் போன முயல் இரண்டு இரவு தாங்காது, நாய்க்கும் கீரிக்கும் இரையாகிவிடும். வெள்ளை முயலாக இருந்தால் ஒரு இரவே அதிகம்.


மதுரை_வைகைக்கரை
ஆகஸ்ட் 15, காலை 9.00

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சண்டை தானாக அடங்கிவிடும் என்று முதலில் சொன்னவன் நான். என்னுடைய இரண்டில் சிறியதற்கு, சண்டை அடங்கிக் கொஞ்ச நாளில் தோளுக்கு அருகே ஒரு கட்டி வந்தது. கொழுப்பு என்று நினைத்து விட்டுவிட்டோம். அது பெரிதாகி, சாப்பிடாமல் கிடந்து ஒருநாள் இறந்துபோனது. அந்தச் சண்டையோடு சேர்த்து நான் அதை யோசித்ததே இல்லை. மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. சகோதரி, நீங்கள் பிரித்தது சரி. நான் முதலில் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.


ஓய்வு_கால்நடை_மருத்துவர்
ஆகஸ்ட் 15, காலை 9.40

உங்களுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை தம்பி. இங்கே எழுதினீர்களே, அது பெரிய காரியம்.


திருச்சி_மாடிவீடு
செப்டம்பர் 21, இரவு 9.00

இரண்டுக்கும் கருப்பை நீக்க அறுவை ஒரே நாளில் முடிந்தது. முதலில் விசாரித்த இடத்தில் எட்டு மணி நேரம் பட்டினி போடச் சொன்னார்கள், வேறு மருத்துவரிடம் போனோம். அவர் காலையில் முருங்கைக் கீரை கொண்டுவரச் சொல்லி, மயக்கம் தெளிந்ததும் வாயருகே நீட்டினார். நிலா இரண்டு இலை தின்றதைப் பார்த்து மகள் கைதட்டிவிட்டாள். இப்போது இரண்டும் தனித்தனிக் கூண்டில் நலம். எப்போது, எப்படிச் சேர்ப்பது?


அண்ணாநகர்_முயல்வீடு
செப்டம்பர் 21, இரவு 10.30

மிக்க மகிழ்ச்சி. ஆனால் அவசரப்படாதீர்கள். தையல் பிரித்தாலும் உடம்பில் உள்ள பழைய சுரப்புகள் அடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் தீபாவளி வருகிறது. வெடிச் சத்தத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் முயல்களைச் சேர்த்து வைத்தால் அந்தப் பயத்துக்கு எதிரிலிருப்பதுதான் காரணம் என்று நினைத்துக் கடித்துவிடும். தீபாவளி முடியட்டும்.

அதுவரை செய்ய நிறைய இருக்கிறது. தினமும் கழிவுத் தட்டுகளை மாற்றி வையுங்கள். இதன் தட்டு அங்கே, அதன் தட்டு இங்கே. படுக்கைத் துணியும் அப்படியே. முதலில் மணி முகவாயைத் தேய்த்துத் தேய்த்து நிலாவின் தட்டைத் தன்னுடையது ஆக்கப் பார்க்கும். முகவாயில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. சில நாளில் அலட்சியமாகத் தாண்டிப் போகும். இரண்டு கூண்டிலும் இடைவெளியை ஒட்டிய பக்கத்தில் ஒரே நேரத்தில் கீரை வையுங்கள். அடுத்தவர் முகத்தைப் பார்த்தால் சாப்பாடு வரும் என்ற பழக்கம் படியட்டும்.

சேர்க்கும் இடம் இரண்டுக்கும் புதிதாக இருக்க வேண்டும். பால்கனியும் கூடமும் ஆகாது, அவை ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம். இதுவரை போகாத ஓர் அறையில் தரையை வினிகர் கலந்த நீரால் துடைத்து, பாய் விரியுங்கள், வெறும் தரையில் கால் வழுக்கினால் பயந்துவிடும். அட்டைப்பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரு வாசல் உள்ள பெட்டி பொறி மாதிரி, உள்ளே மாட்டிய முயல் கடிக்காமல் என்ன செய்யும்? முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிட வேண்டும், அதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள்.

கையில் முறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முறத்தைத்தான் நம்புகிறேன். சண்டை மூண்டால் கையை விடாமல் முறத்தை நடுவில் இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் நின்றுவிடும். பின்பக்கமாக ஏறினால் சில நொடி விடுங்கள். இரண்டு மூன்று அடி விரட்டுவது, சிறிது முடி பிடுங்குவது, இவற்றுக்கும் பதற வேண்டாம். தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது அந்தரங்கத்தில் கடித்துவிடும். காது பின்னால் ஒட்டி, வால் நிமிர்ந்து, உறுமல் கேட்டால் முறம்.

இன்னொன்று, பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு முயல் மற்றதன் முன்னால் தலையைத் தாழ்த்தித் தரையோடு வைத்தால் அது பணிவு அல்ல. நக்கிவிடு என்று கேட்கிறது. பெரும்பாலும் பெரியவர்தான் அப்படிக் கேட்பார்.


திருச்சி_மாடிவீடு
செப்டம்பர் 22, காலை 7.00

அக்கா, ஒரு கேள்வி. சேர்ந்த பிறகு மறுபடியும் பிரியுமா?


அண்ணாநகர்_முயல்வீடு
செப்டம்பர் 22, காலை 11.15

பிரியலாம். என் இரண்டு ஆண் முயல்கள், அறுவை ஆனவை, நான்கு வருட நண்பர்கள். ஒன்றுக்குக் கடைவாய்ப் பல் கூர்ந்து கன்னத்தைக் குத்தியதால் ஓர் இரவு மருத்துவமனையில் விட்டேன். மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும், மருந்தும் நாயும் கலந்த அந்த வாசனை பட்டு, வீட்டில் இருந்தது பாய்ந்து மூக்கைக் கடித்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆனது. அதிலிருந்து ஒன்றுக்கு ஊசி என்றாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் போகும். நீங்கள் இரண்டுக்கும் ஒரே நாளில் அறுவை செய்தது மிக நல்ல முடிவு.

நன்றாக இருந்த ஜோடி காரணமில்லாமல் கடித்துக்கொண்டால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள். வலியில் இருக்கும் முயல் தொட்டால் கடிக்கும்.


தெம்பனிஸ்_தமிழன்
செப்டம்பர் 23, இரவு 11.20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் இரண்டு பெண் முயல்கள் வைத்திருக்கிறோம். இருவருக்கும் அறுவை செய்து, நீங்கள் எல்லாரும் சொல்லும் ஒவ்வொன்றையும் செய்து, ஏழு மாதம் முயன்றோம். சேரவில்லை. ஒருமுறை என் மனைவியின் மணிக்கட்டில் தையல் போட வேண்டியிருந்தது. அன்று நிறுத்திவிட்டோம்.

இப்போது மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வலைத் தடுப்பில் இருக்கின்றன, நடுவில் இடைவெளி. காலையில் ஒன்று கூடத்தில் ஓடும், மாலையில் மற்றது. தூங்கும் நேரத்தில் மட்டும் இரண்டும் இடைவெளியை ஒட்டி, ஒரே திசையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். ஒன்று எழுந்தால் மற்றதும் எழும். சேராத முயல்களை வைத்திருப்பவர்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.


பழனி_அடிவாரம்
செப்டம்பர் 24, காலை 5.45

தம்பி சொன்னது அருமை. திருச்சி அம்மாவுக்கு: சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த மூன்றுக்கு இரண்டடிக் கூண்டை மாற்றிவிடுங்கள். ஒரு முயல் மூன்று தாவல் தாவவாவது இடம் வேண்டும். தீனித்தட்டு இரண்டு, தண்ணீர் இரண்டு. அடர்தீவனத்தைக் குறைத்து வேலிமசால் தழை, அருகம்புல், காய்ந்த புல் என்று நாள் முழுவதும் மென்றுகொண்டே இருக்க விடுங்கள். வாய்க்கு வேலை இருந்தால் வம்பு குறையும்.


திருச்சி_மாடிவீடு
நவம்பர் 23, இரவு 9.15

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கினோம். இதுவரை முயல் போகாத அறை வீட்டில் ஒன்றுதான், அத்தையின் அறை. கேட்கத் தயங்கினேன். அவரே பாயை எடுத்து விரித்துவிட்டு, முறத்தையும் கொண்டுவந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் இரண்டும் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மூன்றாம் நாள் மணி ஏறியது, நிலா திரும்பி உறுமியது, அத்தை முறத்தை இறக்கினார். ஆறாம் நாள் மீண்டும் சுழலப் பார்த்தன. முடி பறந்தது, காயம் இல்லை. நான்கு நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் ஐந்து நிமிடத்திலிருந்து ஆரம்பித்தோம்.

இன்று பதினெட்டு நிமிடம். நடுவில் ஒரு கொத்து முருங்கைக் கீரை வைத்தேன். இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து தின்றுகொண்டே வந்தன. கடைசிக் காம்பு நிலாவின் வாயில் ஒரு முனை, மணியின் வாயில் மறு முனை. யார் இழுப்பார்களோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மணி விட்டுவிட்டது. விட்டுவிட்டு, தலையைத் தாழ்த்திப் பாயோடு வைத்தது. நிலா காம்பைத் தின்று முடிக்கும் வரை அசையவில்லை. பிறகு மணியின் கிழிந்த காதை முகர்ந்து, இரண்டு முறை நக்கியது. அத்தை முறத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் மறுபடியும் எடுத்து வைத்தேன்.

இரவுக்கு இன்னும் தனித்தனிக் கூண்டுதான். நாளை இருபது நிமிடம்.